பதினாறாம் கார்பன்

பதவி உயர்வுப் படிவம், ஏழாம் பக்கம்.
கட்டுரைகள்: அறுபத்தொன்று.
எச்-குறியீடு: பதினேழு.
அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது? அதன் தாக்கத்தை
நூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக.

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாமாக் கடையில் மடிக்கணினியைத் திறந்தபடி
தேவசகாயத்தின் லாரிக்காகக் காத்திருக்கிறேன்.
தே தாரிக்கில் நுரை அடங்கிவிட்டது.
நூறில் ஒரு சொல்லும் வரவில்லை.

இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்.
நந்தியாவட்டைக்குத் தூரத்து உறவான ஒரு செடி,
செம்பனைக்கும் ஆற்றுக்கும் நடுவே
எந்த நிர்வாகமும் வெட்ட மறந்த கரையில்.
நான்கு கிலோ பட்டை, இரண்டு மழைக்காலம்,
மெத்தனாலில் ஊறி, சிலிக்காவில் இறங்கி,
கடைசியில் கண்ணாடிக் குப்பியின் அடியில்
பதினொரு மில்லிகிராம்.
மூச்சு விட்டால் பறந்துவிடும் வெள்ளை.

பெயர் வைக்கும் உரிமை கண்டவளுக்கு.
ஊர்ப் பெயரை வைத்தேன்: பகாவின்.
தமிழில் படித்தால் பாதியில் நிற்கும் சொல்.
பகாவின்... என்ன?
மழையா, மண்ணா, தவறவிட்ட ரயிலா?

விடுபட்டதை நகோயாக்காரர்கள் எழுதினார்கள்.
படிகம் வளர்த்து, எக்ஸ்-கதிரில் வைத்து,
மிகப் பணிவான ஆங்கிலத்தில்:
பதினாறாம் கார்பனில் ஹைட்ராக்சில்
கீழே பார்க்கவில்லை, மேலே பார்க்கிறது.

அன்றிலிருந்துதான் நான் புகழ்பெற்றேன்.
அமைப்பைத் தவறாகக் கணித்ததற்கு
எடுத்துக்காட்டு வேண்டுமா, என்னைக் காட்டுவார்கள்.
பாடநூல் அத்தியாயத்தில் ஒரு வரி,
மறுஆய்வுக் கட்டுரைகளில் ஓர் அடிக்குறிப்பு,
‘காண்க’ என்ற சொல்லுக்குப் பின்னால் நான்.

ஒன்பது ஆண்டு உழைத்து
ஒரு பிணைப்பும் பிசகாமல் எழுதிய கட்டுரைக்கு
மேற்கோள் நான்கு.
அதில் இரண்டு நானே போட்டது.

அம்மா இறக்கிய பாலை நிறுத்த பிறகு
கிராணி ஒரு கரண்டி எடுத்துக் காயவைப்பான்.
தண்ணீர் போக ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான்
செக்ரோலில் எண் ஏறும்.
இருநூற்றுப் பதினான்கையும் அப்படிக் காயவைத்தேன் நேற்றிரவு,
ஒவ்வொன்றாகத் திறந்து.
என்னோடு உடன்பட்டவை: பதின்மூன்று.
அதில் பதினொன்று
நகோயாவுக்கு முன்னால் வந்தவை.

லாரி வந்துவிட்டது. குலை இறக்கிய வாசம்.
இந்த முறையும் கரைக்கு வழிகாட்ட
அறுபது வெள்ளி, எண்ணெய்க் காசு தனி.
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்கிறார்:
“நம்ம மருந்து என்னாச்சு, டாக்டர்?”
மருந்தில்லை, சேர்மம்தான் என்று
ஐந்தாவது தடவையாகச் சொல்லிவிட்டு
தவறையும் சொன்னேன்.

மென்றார். விழுங்கினார்.
“தப்புன்னு சொன்னவங்க
ஊர்ப் பேரையும் எடுத்துட்டாங்களா?”
இல்லை. அமைப்பைத்தான் திருத்துவார்கள்,
பெயர் அப்படியே இருக்கும்.
“பொறவென்ன” என்று கையைக் கழுவப் போனார்.

அது ஆறுதலா, கணக்கா, தெரியவில்லை.
பதினாறாம் கார்பனை அன்று
இன்னொரு நாள் கருவியில் வைத்திருக்கலாம்.
வரிசையில் எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள்,
நிதி முடிய மூன்று வாரம்.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.

ஆற்றங்கரையில் முட்டிவரை சேறு.
பதினான்கு மரத்தில் மூன்றுதான் மிச்சம்.
கத்தி பட்ட இடத்தில் பால் துளிர்த்து
என் விரலில் ஒட்டிக் கறுத்தது.
பையில் கட்ட வேண்டிய சீட்டு:
தேதி, இடம், மரம் எண் இரண்டு, சேகரித்தவர்.

பழைய கட்டுரையின் நன்றியுரையில்
அவர் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தேன்.
அதை இதுவரை யாரும் திருத்தவில்லை.
இம்முறை எழுத்தெழுத்தாகக் கேட்டேன்.

சிரித்தார். “ஐசியில ஒரு மாதிரி,
ஞானஸ்நானப் பதிவுல வேற மாதிரி.”
எதை எழுத?
“ரெண்டுக்கும் நான்தானே வந்து நிக்கிறேன்.
சீக்கிரம் எழுதுங்க, மழை வருது.”